ஊர் சுற்றிய வியாபாரிகளின் டோக்கன்கள்: ஐந்து பிரிவுகளில் எதில் தொடங்குவது?

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வியாபார டோக்கன்களைச் சேகரிக்க வருகிறவர்கள் பலரின் மனதில் ஒரே மனிதர்தான் இருக்கிறார். முதுகில் மூட்டையோடும், குதிரை வண்டி நிறையத் தகரப் பாத்திரத்தோடும் பண்ணை பண்ணையாகப் போய் விற்றவர் அவர். அவர் கைபட்ட டோக்கன் ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்குகிறார்கள். ஈபே போன்ற தளங்களில் தேடினால் ஐந்து டாலரிலிருந்து ஐந்நூறு டாலர் வரை என்னென்னவோ வரும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஓட்டை போட்டது, முத்திரை குத்தியது என்று எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடை வியாபாரி தானே அடித்து வெளியிட்டார் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய டோக்கன்கள் மிகக் குறைவு. டோக்கன் என்பது ஒரு வாக்கு. "இதைத் திருப்பிக் கொண்டு வா, இத்தனைக்குப் பொருள் தருகிறேன்" என்று அது சொல்கிறது. நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர் கொடுக்கும் வாக்கை யார் நம்பி வாங்குவார்கள்? கனெக்டிகட் மாநிலத்தின் பெர்லின் ஊரிலிருந்து கிளம்பிய தகரப் பாத்திர வியாபாரிகள் கந்தல் துணி, பறவை இறகு, தேன்மெழுகு என்று பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு டோக்கன் தேவைப்படவே இல்லை.

ஆகவே "நடை வியாபாரி டோக்கன்" என்று யாராவது விற்றால், இந்த வாக்கு எப்படிக் காப்பாற்றப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் கூடவே அவரும் பயணம் செய்தாரா? தினமும் அதே வாசலுக்குத் திரும்பி வந்தாரா? இல்லை, வாக்கே தேவைப்படாத விதத்தில் செல்லுபடியான காசின் மேலேயே பெயரைக் குத்தினாரா? இதில் எதற்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் நிலையான கடைக்காரரின் டோக்கன்தான். அதிலும் தவறில்லை. ஆனால் அது என்னவென்று தெரிந்து வாங்க வேண்டும்.

## எதை வைத்து அளக்கிறேன்

எனக்கு முதல் அளவுகோல், வெளியிட்டவர் உண்மையில் நடமாடியவரா என்பது. அடுத்தது, அந்த ஆளைத் தேடிப் பிடிக்க முடியுமா என்பது. பெயரும் ஊரும் இருந்தால் அந்தக் கால நகர வணிகக் கையேடுகளிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவரைக் கண்டுபிடிக்கலாம். ஒரு டோக்கனோடு பல வாரம் வாழ்வதற்கான காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

விலையைப் பார்க்கும்போது வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பட்டியல் நூல்கள், அனுப்புக் கூலி, துண்டின் நிலையைச் சோதித்துத் தரப்படுத்தும் நிறுவனங்களின் கட்டணம், திரும்ப விற்கும்போது விழும் இழப்பு எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. அப்புறம் போலி ஆபத்து. கடைசியாக, சேகரிப்புக்கு ஓர் எல்லை இருக்கிறதா என்பது. சிலருக்கு முடிவு தெரியும் வேலைதான் பிடிக்கும், சிலருக்கு முடிவே இல்லாதது.

## ஹார்ட் டைம்ஸ் டோக்கன்கள் (1832–1844)

அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், அந்நாட்டின் மத்திய வங்கிபோல இயங்கிய "அமெரிக்க வங்கி"யோடு மோதிய காலத்தையும் அதற்குப் பின் வந்த நெருக்கடியையும் சேர்ந்த செப்புத் துண்டுகள் இவை. 1837 மே மாதம் நியூயார்க் வங்கிகள் தாள் பணத்துக்கு உலோகக் காசு தருவதை நிறுத்தின. சில்லறை பதுங்கியது. அந்த இடத்தை நிரப்ப, பெரிய செப்பு சென்ட்டைப் போலவே சுமார் 28 மி.மீ. விட்டத்தில் தனியார் துண்டுகள் வந்தன. பணப்பெட்டியைச் சுமக்கும் ஆமை, கழுதை என்று பாதி அரசியல் கிண்டல். மீதி, கடைகளின் விளம்பரம்.

நடமாட்டம் என்ற அளவுகோலில் இந்தப் பிரிவுக்கு மதிப்பெண் குறைவு. இங்கே ஊர் சுற்றியது சரக்கு, வெளியிட்டவர் ஒரே இடத்தில் இருந்தார். ஆனால் அந்தத் தொடர்பே எனக்கு மிகவும் பிடித்தது. கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் இருந்த ஸ்கோவில் நிறுவனம் இந்த டோக்கன்களில் பலவற்றை அடித்தது. பித்தளைப் பொத்தான்கள் செய்ததும் அதே நிறுவனம். நடை வியாபாரிகளின் மூட்டையில் தவறாமல் இருந்த சாமான்களில் பொத்தான் ஒன்று. நியூயார்க் பவரித் தெருவின் ஸ்மித்ஸ் கிளாக் எஸ்டாப்ளிஷ்மென்ட் 1837-இல் வெளியிட்ட டோக்கனில் ஒரு கடிகார முகமும் "நேரமே பணம்" என்ற வாசகமும் இருக்கும். வண்டியில் ஏற்றி வீடு வீடாக விற்கப்பட்ட சரக்குகளில் கடிகாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. லான்சிங்பர்க் ஊரின் வால்ஷ் ஜெனரல் ஸ்டோர் ஏரின் படத்தைப் போட்டு, ஏர்தான் எல்லோருக்கும் சோறு போடுகிறது என்று எழுதியது.

பட்டியல் வசதி இங்கே அருமை. நாணய ஆய்வாளர் லைமன் லோ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தயாரித்த வரிசை எண்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த நூல் காப்புரிமை தீர்ந்தது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். புழங்கித் தேய்ந்த சாதாரணத் துண்டு 25–50 டாலருக்குக் கிடைக்கும். மறைந்திருக்கும் செலவு செம்பின் நிலையில்தான் இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கியவை ஏராளம். அவற்றை மலிவென்று எடுத்தால் விற்கும்போது பாதி விலைகூட வராது.

எல்லை தெரிந்த ஒரு தொகுப்பும் அரசியல் வரலாறும் பிடித்தவர்களுக்கு இது சரி. நடை வியாபாரிதான் முக்கியம் என்றால் வேறு பக்கம் போங்கள்.

## உள்நாட்டுப் போர்க் கடை டோக்கன்கள் (1861–1864)

எண்ணிக்கையில் பெரிய பிரிவு. 1861 முடிவில் வங்கிகள் உலோகக் காசு தருவதை நிறுத்த, 1862 கோடைக்குள் சென்ட் காசுகூடக் கண்ணில் படவில்லை. கடைக்காரர்கள் 19 மி.மீ. அளவில் சொந்தச் சென்ட்டுகளை அடித்துக்கொண்டார்கள். சுமார் இரண்டரைக் கோடி துண்டுகள் புழங்கியதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானவற்றில் 1863 என்ற ஆண்டு இருக்கும். கடைப் பெயர் இல்லாத தேசபக்தித் துண்டுகள் ஒரு வகை. பெயரும் ஊரும் உள்ளவை "ஸ்டோர் கார்டு" எனப்படும். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

வாக்கு எப்படிக் காப்பாற்றப்பட்டது என்ற கேள்விக்கு இங்கே பிரபலமான ஒரு கதை இருக்கிறது. நியூயார்க் மதுக்கடைக்காரர் குஸ்டாவஸ் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேல் டோக்கன்களைப் புழக்கத்தில் விட்டார் என்றும், தேர்டு அவென்யூ ரயில்வே தன்னிடம் சேர்ந்தவற்றை மாற்றித் தரக் கேட்டபோது சிரித்து அனுப்பிவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1864 ஏப்ரல் 22 சட்டம் தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த சட்டம் எல்லாத் தனியார் காசுகளையும் தடை செய்தது. நிலையான கடை வைத்திருந்தவரே கைவிரித்த காலத்தில் நடை வியாபாரியின் டோக்கனை யார் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தால் முதலில் சொன்ன சிக்கல் விளங்கும்.

இருந்தாலும் ஊர் சுற்றியவர்கள் சிலர் இங்கேயும் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊர்ப் பட்டியலில் யாங்கி ராபின்சன் என்ற சர்க்கஸ் முதலாளியின் டோக்கன் வருகிறது. இப்படிப்பட்டவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பதே தனி சேகரிப்பாகும்.

ஆளைத் தேடுவதற்கு இதைவிட நல்ல பிரிவு இல்லை. இவற்றின் பட்டியல் நூல் தரும் ஃபுல்ட் எண் முறையில் மாநிலம், ஊர், வியாபாரி, அச்சு வகை, உலோகம் என்று எல்லாம் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணின் கடைசியில் வரும் எழுத்து செம்பா, பித்தளையா என்று சொல்லும். அரிதான தன்மை ஆர்-1 முதல் ஆர்-10 வரை போகும். ஆர்-1 என்றால் 5,000-க்கு மேல் இருக்கிறது, ஆர்-10 என்றால் ஒன்றே ஒன்று.

ஒரு எச்சரிக்கை. ஆர்-9 என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். சின்சினாட்டி போன்ற ஊர்களில் அச்சடித்தவர்கள் அப்போதே சேகரிப்பாளர்களுக்கென்று வெவ்வேறு உலோகங்களிலும் பொருந்தாத அச்சுகளை ஜோடி சேர்த்தும் துண்டுகள் அடித்தார்கள். அவை அரியவை, அழகானவை, விலை கூடியவை. ஆனால் கல்லாப்பெட்டியைப் பார்த்ததே இல்லை. வியாபாரத்தில் புழங்கிய துண்டு வேண்டும் என்றால் தேய்ந்த செம்புத் துண்டே மேல். அது 15–40 டாலருக்குக் கிடைக்கும்.

இதே காலத்தில் இன்னொன்றும் வந்தது. ஜான் கால்ட் 1862 ஆகஸ்ட் 12-இல் காப்புரிமை பெற்ற, தபால்தலையை மைக்கா (ஒளி ஊடுருவும் கனிமத் தகடு) மூடிக்குள் வைத்த பித்தளை வட்டு. பின்பக்கத்தில் அயர் நிறுவனத்தின் மருந்துகள் போன்ற விளம்பரங்கள் இருக்கும். இதையும் ஸ்கோவில்தான் செய்தது. ஒன்றுக்குப் பல நூறு டாலர் கேட்பார்கள், மைக்கா விரிசலும் தபால்தலையை மாற்றி வைப்பதும் ஆபத்து. தொடக்கத்துக்கு வேண்டாம்.

## சட்லர் டோக்கன்கள்

இந்தப் பிரிவில்தான் நாம் தேடும் ஆள் நேரடியாகக் கிடைக்கிறார். சட்லர் என்பவர் படைவீரர் அல்ல. ஒரு ரெஜிமென்ட்டுக்கு (படைப்பிரிவுக்கு) ஒருவர் என்று நியமிக்கப்பட்ட தனியார் வியாபாரி. படை நகர்ந்தால் அவரும் கூடாரத்தைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவார். புகையிலை, டப்பாப் பழம், பாலாடைக்கட்டி, அப்பம், ஊசி நூல், செய்தித்தாள் என்று விற்பார். வாடிக்கையாளரும் கடைக்காரரும் சேர்ந்தே ஊர் மாறியதால் டோக்கன் தந்த வாக்கு எந்த முகாமிலும் செல்லுபடியானது.

டோக்கன் ஏன் வேண்டியிருந்தது? யூனியன் (வட மாநிலங்களின்) படையின் சாதாரண வீரருக்கு மாதம் 13 டாலர் சம்பளம், 1864 நடுவில் 16 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய சம்பளம் அடிக்கடி தள்ளிப் போகும். கையில் காசில்லாத வீரருக்கு சட்லர் கடனாக டோக்கன் தருவார், சம்பள நாளில் கழித்துக்கொள்வார். அந்த டோக்கன் அவர் கூடாரத்தில் மட்டுமே செல்லும், விலையையும் அவரே வைப்பார். "25 சென்ட்டுக்குச் சரக்கு" என்ற ஒரு டோக்கன், வீரரின் ஒரு நாள் ஊதியத்தில் பாதிக்கும் மேல். அந்தச் சிறு பித்தளைத் துண்டைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். சட்லர்கள் மீது வீரர்களுக்கு இருந்த கோபம் புரியும். 1866-இல் நாடாளுமன்றம் இந்த முறையையே ஒழித்தது.

துண்டில் பெரும்பாலும் சட்லரின் பெயர், ரெஜிமென்ட் எண், மாநிலம், மதிப்பு எல்லாம் இருக்கும். 5, 10, 25, 50 சென்ட் மதிப்புகள் வழக்கம். ரெஜிமென்ட் எண் இருப்பதால் அது எந்தெந்தப் போரில் நின்றது, எந்த மாதம் எங்கே முகாமிட்டது என்று படைப் பதிவுகளில் பார்க்கலாம். டோக்கன் நடந்த பாதையை வரைபடத்திலேயே போட முடியும். வேறு எந்தப் பிரிவிலும் இந்த அளவுக்குக் கிடைக்காது.

விலைதான் தடை. சாதாரணமாகக் கிடைப்பவையே 100 டாலரைத் தாண்டும். சின்ன மாநிலங்களின் ரெஜிமென்ட், அரிய பெயர் என்றால் பல நூறு. மறைந்த செலவுகளும் உண்டு. பல துண்டுகள் வர்ஜீனியா முகாம்களிலிருந்து உலோகக் கண்டுபிடிப்பான் வைத்துத் தோண்டி எடுக்கப்பட்டவை. மண் அரித்துக் குழிந்திருக்கும், தரப்படுத்தும் நிறுவனங்கள் எண் தராமல் "சேதம்" என்று திருப்பி அனுப்பும். இன்னொன்று சட்டம். மத்திய அரசு நிலத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டுவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். பழைய ஏலச் சீட்டோடு வருகிற துண்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல.

வருடத்துக்கு இரண்டு மூன்று வாங்கினால் போதும், ஒவ்வொன்றையும் ஆழமாகத் தோண்டிப் படிப்பேன் என்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மாதாமாதம் பொட்டலம் பிரித்தால்தான் மகிழ்ச்சி என்பவர்களுக்கு ஒத்துவராது.

## முத்திரை குத்திய நாணயங்கள்

இதில் வியாபாரி டோக்கன் அடிக்கவே இல்லை. கையில் இருந்த செப்பு சென்ட்டையோ ஸ்பானிஷ் வெள்ளி ரியாலையோ எடுத்து, தன் பெயரை அதன்மேல் குத்திவிட்டார். ஸ்பானிஷ் வெள்ளி 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியான பணம். காசு காசாகவே போகும், பெயர் அதன் கூடப் போகும். திருப்பித் தருகிறேன் என்ற வாக்கே தேவையில்லை. அதனால் ஊர் சுற்றுபவருக்கு இதுதான் மிகப் பொருத்தமான வழி.

பால்டிமோரின் ஹவுக்ஸ் பனேசியா என்ற மருந்துப் பெயர் குத்திய வெள்ளிக் காசுகள் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். நியூ ஹாம்ப்ஷரின் பிட்ஸ்ஃபீல்ட் ஊர்ப் பல் வைத்தியர் ஜி. ஜி. வில்கின்ஸ் குத்திய பெரிய சென்ட்டுகள் இன்றும் அடிக்கடி ஏலத்துக்கு வருகின்றன. இவர்களின் கடை நின்ற இடத்திலேயே இருந்தாலும் பெயர் கை மாறி கை மாறி ஊரெல்லாம் போனது. அப்புறம் தகர வேலைக்காரர், துப்பாக்கி செய்பவர், வெள்ளிக் கொல்லர் என்று தொழில் கருவியோடு அலைந்தவர்களின் பெயர்க் குத்துகள் நிறைய.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கைவினைஞர் தன் பொருளில் அடையாளம் போட வைத்திருந்த குத்துளியைச் சோதித்துப் பார்க்க ஒரு சென்ட்டில் அடித்திருக்கலாம். அது விளம்பரமும் அல்ல, டோக்கனும் அல்ல. வெறும் இரண்டு எழுத்து மட்டும் உள்ள துண்டை யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. விற்பவர் சொல்லும் பெயரை நம்பிப் பணம் கொடுப்பதுதான் இந்தப் பிரிவின் மிகப் பெரிய மறைந்த செலவு.

போலி ஆபத்து எல்லாவற்றிலும் இங்கே அதிகம். நாணயம் நிஜமாகவே 1840-களைச் சேர்ந்ததாக இருக்கும், குத்து மட்டும் போன வாரத்தையதாக இருக்கும். கைக்கண்ணாடி வைத்து எழுத்துகளின் உட்புறத்தைப் பாருங்கள். நாணயத்தின் பழுப்பு எழுத்துக்குள்ளும் அதே நிறத்தில் தொடர வேண்டும். உள்ளே செம்பு புதிதாக மின்னினால் விலகிவிடுங்கள். குத்தும்போது எழுத்தைச் சுற்றி உலோகம் சற்று மேலெழும். பழைய குத்தாக இருந்தால் அந்த மேடும் நாணயத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். பின்பக்கம் அதே இடத்தில் தட்டையாகியிருக்கும். குத்தியவர் வாழ்ந்த காலத்துக்குப் பிந்திய ஆண்டு நாணயத்தில் இருந்தால் அது போலிதான், மேலே யோசிக்க வேண்டியதே இல்லை.

பெயரும் ஊரும் முழுதாகப் படிக்க முடிகிற துண்டு 75 டாலரிலிருந்து பல நூறு வரை போகும். எழுத்து மட்டும் உள்ளவை 15–40 டாலர். ஓரிரு வருடம் மற்ற பிரிவுகளில் கண்ணைப் பழக்கிக்கொண்டு இதற்கு வருவதே நல்லது. வந்தவர்கள் பிறகு வெளியே போக மாட்டார்கள், அவ்வளவு சுவையான வேலை.

## போருக்குப் பிந்திய "குட் ஃபார்" டோக்கன்கள்

"ஐந்து சென்ட் சரக்குக்குச் செல்லும்" என்ற பாணியில் வந்த பித்தளை, அலுமினியத் துண்டுகள். மதுக்கடை, பில்லியர்ட் கூடம், மளிகைக்கடை என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தேர்ந்த சேகரிப்பாளர்கள் பலர் இதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து விற்றவரின் டோக்கன் குறைந்த விலையில் கிடைப்பது இங்கேதான்.

பால் டோக்கனையும் ரொட்டி டோக்கனையும் சொல்கிறேன். பால்காரரிடம் ஒரு கை நிறைய டோக்கனை முன்பணம் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, தேவையான அளவுக்கு வாசலில் வைத்துவிடுவார்கள். அவர் வண்டியில் வந்து பாலை வைத்துவிட்டு டோக்கனை எடுத்துப் போவார். நடமாடும் வியாபாரி, ஆனால் தினமும் திரும்பி வருபவர். வாக்கு காப்பாற்றப்பட்டதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. பனிக்கட்டி விற்றவர்களும் இப்படிச் செய்தார்கள். ஒன்று 3–10 டாலருக்குள் கிடைத்துவிடும். கவனிக்க வேண்டியது காலம். பால் டோக்கன்களில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 19-ஆம் நூற்றாண்டுக்குள்தான் நிற்பேன் என்றால் பொறுமையாகப் பொறுக்க வேண்டும்.

காலத்தைக் கணிக்க உலோகம் உதவும். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அது டோக்கனுக்கு வந்தது. ஆகவே "1870-களின் அலுமினிய டோக்கன்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஊர்ப் பெயரோடு, இன்னும் மாநிலமாகாத பகுதியான "இண்டியன் டெரிட்டரி" என்பதன் சுருக்கம் இருந்தால் அது 1907-க்கு முந்தியது, அரிசோனா டெரிட்டரி என்றால் 1912-க்கு முந்தியது. இந்தச் சுருக்கங்கள் உள்ளவற்றுக்கு விலை பல மடங்கு ஏறிவிடும்.

ஊர்ப் பெயரே இல்லாதவற்றை "மேவரிக்" என்பார்கள். ஒரு டாலருக்கு மேவரிக் வாங்கி, நகர வணிகக் கையேடுகளில் பெயரைத் தேடி, ஊரைக் கண்டுபிடித்து நிறுவினால் அதன் மதிப்பே மாறிவிடும். ஆர். ஜி. டன் நிறுவனத்தின் பழைய கடன் மதிப்பீட்டுப் பேரேடுகள் ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. சின்னக் கடைக்காரரைப் பற்றிக்கூட அவற்றில் சில வரி இருக்கும்.

சட்லர்களுக்குப் பின் கோட்டைகளில் விற்கும் உரிமை பெற்று வந்த போஸ்ட் டிரேடர்களின் டோக்கன்களும் இந்தப் பிரிவில் வரும். ஃபோர்ட் சில் கோட்டையின் அந்த உரிமையை விற்ற விவகாரத்தில்தான் 1876-இல் போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்க்னாப் பதவி விலகினார். இவை மட்டும் மலிவு அல்ல.

போலிகளில் தவிர்க்க வேண்டியது ஒரே வகை. விலைமாதர் விடுதி, மேற்குப் பகுதி மதுக்கடை என்ற பெயரில் சுற்றுலாக் கடைகளுக்காகச் செய்த கற்பனைத் துண்டுகள். அப்படி ஒரு மூலமே இருந்ததில்லை. வாசகம் எவ்வளவு கிளுகிளுப்பாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

## ஒரே பார்வையில்

விலைகள் புழங்கிய நிலையில் உள்ள சாதாரணத் துண்டுக்கு, தோராயமாக.

| பிரிவு | நடமாடியவரா | ஆளைத் தேடலாமா | விலை (டாலர்) | மறைந்த செலவு | போலி ஆபத்து |
|---|---|---|---|---|---|
| ஹார்ட் டைம்ஸ் | இல்லை, சரக்கு மட்டும் | ஓரளவு | 25–50 | தேய்த்துக் கெடுத்த செம்பு | நடுத்தரம் |
| போர்க் கால ஸ்டோர் கார்டு | அபூர்வமாக | மிக எளிது | 15–40 | புழங்காத "அரிய" துண்டுகள் | குறைவு |
| சட்லர் | ஆம் | எளிது, பாதையோடு | 100-க்கு மேல் | மண் அரிப்பு, வந்த வழி | நடுத்தரம் |
| முத்திரை குத்தியது | பல நேரம் ஆம் | பெயர் இருந்தால் மட்டும் | 15–300 | தவறான பெயர் சூட்டல் | மிக அதிகம் |
| குட் ஃபார் (பால், ரொட்டி) | ஆம், தினசரி | உழைத்தால் | 3–10 | காலக் கணிப்பு, தேடும் நேரம் | வகையைப் பொறுத்து |

## எல்லாப் பிரிவுக்கும் பொதுவான செலவுகள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்குபவர்களுக்கு அனுப்புக் கூலியும் சுங்கமும் பெரிய விஷயம். ஐந்து டாலர் பால் டோக்கனுக்கு அதைவிடப் பல மடங்கு கூலி விழும். அங்கிருந்து எடுப்பவர்கள் ஒரே விற்பனையாளரிடம் மொத்தமாகச் சேர்த்து எடுங்கள், அல்லது விலை கூடிய ஒற்றைத் துண்டுக்குப் போங்கள். அந்தக் கணக்கில் சட்லர் டோக்கன்தான் பால் டோக்கனைவிடச் சிக்கனம். அமெரிக்காவில் இருப்பவர்கள் நாணயக் கண்காட்சிக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். முத்திரை குத்திய நாணயத்தைப் படத்தை மட்டும் நம்பி வாங்குவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு.

என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களிடம் கொடுத்துத் தரப்படுத்தி உறையில் அடைப்பதற்கான கட்டணம், மலிவான டோக்கனின் விலையையே தாண்டிவிடும். சட்லர், உயர்தர ஹார்ட் டைம்ஸ் தவிர மற்றவற்றுக்கு அது வேண்டாம். சேமிக்க பி.வி.சி. உறை கூடாது, செம்பிலும் பித்தளையிலும் பச்சைப் பிசின் படியும். சுத்தம் செய்யவும் கூடாது, எலுமிச்சையும் புளியும் கிட்டவே வரக்கூடாது.

பட்டியல் நூல்கள் விலை கூடியவை என்றாலும் இலவச வழி உண்டு. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் நியூமன் நியூமிஸ்மாடிக் போர்ட்டலில் பழைய ஏலப் பட்டியல்களும் இதழ்களும் படிக்கக் கிடைக்கின்றன. சிவில் வார் டோக்கன் சொசைட்டி, டோக்கன் அண்டு மெடல் சொசைட்டி இரண்டிலும் உறுப்பினராகலாம். உறுப்பினர்களிடம் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பது, ஒரு போலியை வாங்குவதைவிட மலிவு.

## யாருக்கு எது

கையில் 50 டாலர்தான் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால் பால், ரொட்டி டோக்கன்களில் தொடங்குங்கள். பத்துத் துண்டுகளை வைத்து ஒரே மாவட்டத்தின் தெருக்களைப் படிக்கலாம்.

வரலாற்றில் ஆளைத் தேடும் வேலைதான் பிடிக்கும், இன்னும் கண் பழகவில்லை என்றால் போர்க் கால ஸ்டோர் கார்டு. ஓஹையோவை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் வகைகள் அதிகம். ஒரே ஊரை எடுத்து அதில் புழங்கிய செம்புத் துண்டுகளை மட்டும் சேருங்கள்.

200 டாலரும் பொறுமையும் இருந்தால், ஊர் சுற்றிய வியாபாரியே வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தால், ஒரே ஒரு சட்லர் டோக்கன். அதே பணத்தில் பெயர் தெரியாத பத்துக் குத்து நாணயங்கள் வாங்கலாம்தான். ஆனால் ரெஜிமென்ட் எண் உள்ள ஒரு சட்லர் துண்டு தருவதை அவை தராது. என் தேர்வு இதுதான்.

ஏலத்தில் விலை சொல்வதற்கு முன் விற்பவரிடம் எடை, விட்டம், இரண்டு பக்கத்தின் தெளிவான படம், விளிம்பின் படம் இவற்றைக் கேளுங்கள். துண்டு எங்கிருந்து வந்தது, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தராதவரின் துண்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.